வீட்டுக்கொரு மின்சூளை வேண்டாம், தீவுக்கொரு சூளை போதும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. தீவகத்தில் இருக்கிறவர்களும், வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவ நினைக்கிறவர்களும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

"டீச்சர், வீட்டில ஒரு சூளை வச்சா என்ன? மண்ணில சாமான் செய்து விக்கலாம்தானே?" இந்தக் கேள்வியை இந்த வருடம் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள், கணவனை இழந்த சகோதரிகள், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்திருக்கிற தாய்மார் என்று பலர். நான் சித்திர பாட ஆசிரியை, கலாசாலையில் களிமண் வேலையும் சூளை வைப்பதும் படித்தவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மண் வேலை நல்ல வேலை, செய்யுங்கள். விறகுச் சூளையை, தெரிந்த ஒருவரோடு நின்று பழகிய பிறகு, உங்கள் வளவில் வைக்கலாம். ஆனால் கடன் எடுத்து வீட்டுக்குள் மின்சூளை வாங்கி வைக்காதீர்கள். அது வேண்டுமென்றால் தீவுக்கு ஒன்று, பொது இடத்தில், பொறுப்பான ஆட்களின் கையில் இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

சந்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நயினாதீவுக்கு ஆனி மாதத் திருவிழாவுக்கு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருகிற சனம் எவ்வளவு, நாக விகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிற சனம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தாலே போதும். அவர்கள் வாங்கிக்கொண்டு போகிற நினைவுப் பொருட்களில் எத்தனை நம் தீவில் செய்தவை? கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு, தைப்பொங்கலுக்குப் பானை, நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சச் சட்டி, சாம்பிராணிச் சட்டி, பூச்சாடி, பிள்ளைகளுக்கு உண்டியல் முட்டி. இவை எல்லாவற்றுக்கும் நாம் வெளியூரைத்தான் பார்க்கிறோம்.

மட்பாண்டம் நமக்குப் புதிதும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்கால ஈமக்குழியோடு கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிவந்தன. ஒரே பானை உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருப்பது சாயத்தால் அல்ல. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாது, கரி பிடித்துக் கறுக்கும். வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முந்திய நம் ஊர்க் குயவருக்கு நெருப்பும் காற்றும் எப்படி வேலை செய்யும் என்று இவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருந்தது.

அந்தக் குயவரின் வழி வந்தவர்களை நம் சமூகம் எப்படி நடத்தியது என்பதையும் சொல்லவேண்டும். "சட்டி பானை செய்கிற ஆக்கள்" என்று ஒதுக்கினோம். இன்றைக்கு அதே வேலையை "பொட்டரி" என்று ஆங்கிலத்தில் சொன்னால் படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். சூளை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான். யூரியூப்பைத் திறப்பதற்கு முன் குடாநாட்டிலோ வன்னியிலோ இன்னும் சூளை வைக்கிற ஒரு மூத்த குயவரைத் தேடிப் போங்கள். ஐயா என்று கூப்பிட்டு, அவர் நாட்கூலியை மரியாதையாகக் கொடுத்து, மூன்று தரம் அவர் சூளை வைக்கும்போது கூட நில்லுங்கள். வீடியோவில் நெருப்பின் நிறம் சரியாகத் தெரியாது. பச்சை விறகு எரிகிற மணம் தெரியாது. பானை வெடிக்கிற சத்தம் எந்த நேரத்தில் வரும் என்பதும் தெரியாது.

இனி, மின்சூளையை ஏன் வீட்டில் வேண்டாம் என்கிறேன்?

நம் வீடுகளுக்குக் கிடைக்கிற சாதாரண இணைப்பு 30 அம்பியர். நடுத்தர அளவு மின்சூளை ஒன்று 6 கிலோவாற் என்று வையுங்கள். 230 வோல்ற்றால் பிரித்தால் 26 அம்பியர். சூளை ஐந்து நிமிடம் கொதிக்கிற கேத்தல் அல்ல, எட்டு மணித்தியாலம் தொடர்ந்து இழுக்கும். அப்படித் தொடர்ந்து இழுக்கிற சாதனத்துக்கு வயரும் பிரேக்கரும் கால்பங்கு கூடுதலாகத் தாங்கவேண்டும் என்பது பொதுவான விதி. அப்படிப் பார்த்தால் 32 அம்பியருக்கு மேல் போகிறது. வீட்டு இணைப்பே 30 தான். அதே நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் ஓடினால் என்ன நடக்கும்? பிரேக்கர் விழுந்தால் நல்ல காலம். விழாமல் பழைய வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

"சின்னச் சூளை வாங்கலாம் டீச்சர், 3 கிலோவாற்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னா. அது 13 அம்பியர். நம் 13 அம்பியர் பிளக்கின் எல்லையை அது தொட்டுவிடுகிறது. மணிக்கணக்காக அந்த அளவு ஓடினால் பிளக் உருகும். சின்னச் சூளையென்றாலும் பிளக்கில் சொருகாமல், மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், பக்கத்திலேயே நிறுத்துகிற சுவிட்ச் என்று தகுதியுள்ள மின்னியலாளர் இழுத்துத் தரவேண்டும். எக்ஸ்ரென்ஷன் கோட் பேச்சே வேண்டாம்.

நம் தீவுகளுக்கென்று இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, உப்புக் காற்று. செம்பு முனைகளில் பச்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முனை தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். இரண்டாவது, நிலம். சுண்ணாம்புக் கல்லும் காய்ந்த மணலும் உள்ள இடத்தில் ஏர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. அளந்து பார்க்காமல் "ஏர்த் அடிச்சாச்சு" என்று சொல்வதை நம்ப முடியாது. சில மாதம் சும்மா கிடந்த சூளை ஈரம் குடித்திருக்கும், போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழும். அப்போது "இது தொல்லை" என்று ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரடியாக இணைத்துவிடுகிற கைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த 30 மில்லி அம்பியர் சுவிட்ச் உங்கள் உயிருக்கும் சூளைக் கம்பிக்கும் நடுவில் நிற்கிற காவல். அதை விலக்குகிறவரை உங்கள் வீட்டு வாசலுக்குள் விடாதீர்கள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு அப்படியல்ல. நீண்ட காலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருந்த தீவுகள். இந்திய உதவியுடன் இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் கலந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1700 கிலோவாற் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற் காற்று மின்சாரமும் என்பது திட்டம். மூன்று தீவுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதில் ஐம்பது வீடுகள் 6 கிலோவாற் சூளையை ஒரே மாலையில் போட்டால் 300 கிலோவாற். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கும் இருக்கிறது. 6 கிலோவாற் எட்டு மணித்தியாலம் முழுதாக ஓடினால் 48 அலகு. இடையில் விட்டு விட்டு எரிவதால் கொஞ்சம் குறையலாம். மாதம் நான்கு தரம் வைத்தால் வீட்டுப் பில் உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறிவிடும். வடக்கில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று தவணை கேட்டதை மறக்கவில்லை. தொழில் பழகுவதற்கு முன் கடனில் சூளை வாங்கினால், முதல் நான்கு சூளையும் வெடித்துப் பிளந்தாலும் தவணை நிற்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் சூளைகள் வெடிக்கத்தான் செய்யும்.

சரி, விறகுச் சூளை? அதுவும் விளையாட்டல்ல. ஆனால் அதன் ஆபத்துக் கண்ணுக்குத் தெரியும், செலவு குறைவு, கற்றுக்கொள்ளவும் நல்லது. தெரிந்தவரோடு நின்று பழகியபின் வளவில் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

கல் விஷயத்தில் கவனம். நெடுந்தீவில் வேலியே கல். பவளக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் காலில் தட்டுப்படுகிற ஊரில் "செங்கல்லுக்கு ஏன் காசு?" என்று தோன்றும். அந்தக் கல்லில் சூளை கட்டாதீர்கள். நம் முன்னோர் சுண்ணாம்பு எடுத்தது எப்படி? இதே கல்லையும் சிப்பியையும் சுட்டுத்தான். 800, 900 பாகை செல்சியஸில் கல் சுட்ட சுண்ணாம்பாக மாறும், பிறகு ஈரம் பட்டால் கொதித்துப் பொடியாகும். சூளையும் சரியும், அந்தப் பொடி கண்ணில் பட்டால் கண்ணும் போகும். சீமெந்துக் கல்லும் வேண்டாம், உள்ளே இருக்கிற ஈரம் சூடாகி வெடிக்கும். நன்றாகச் சுட்ட சாதாரணச் செங்கல், இணைப்புக்குக் களிமண், மணல், உமி கலந்த சாந்து. இது போதும்.

உள்ளளவு மூன்றடி விட்டம், மூன்றடி உயரத்தில் ஒரு வட்டம். கீழே விறகு வைக்கிற வாய். அதற்கு மேல் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தட்டு, அதன் மேல் சாமான்கள், உச்சியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளை மூடி, நடுவில் புகை போக வழி. பழகுவதற்கு இதைவிடப் பெரிது வேண்டாம். சூளை வெறும் மண்ணிலும் மணலிலும் இருக்கட்டும், சீமெந்துத் தரையில் வேண்டாம்.

இடம். கிடுகு வேலி, ஓலைக் கொட்டில், விறகுக் குவியல், காஸ் சிலிண்டர், உடுப்புக் காயப்போடுகிற கொடி எல்லாவற்றிலும் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. மழைக்காக மேலே அஸ்பெஸ்டஸ் சீட் போடுகிறார்கள். சூட்டில் அந்தச் சீட் வெடித்துத் தெறிக்கும், அதன் தூசும் நுரையீரலுக்குக் கேடு. கூரை வேண்டுமென்றால் உயரத்தில் தகரம் போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். சுவரோடு ஒட்டிய சாய்ப்புக்குள்ளோ குசினிக்குள்ளோ சூளை வைக்கவே கூடாது. அரைகுறையாக எரிகிற விறகிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, சத்தி, மயக்கம் என்று தொடங்கி ஆளை முடித்துவிடும். மின்சூளையிலும் களிமண்ணில் உள்ள சேதனப் பொருட்கள் எரியும்போது இது வரும் என்பதைப் பலர் அறியவில்லை.

காலம். சோளகம் அடிக்கிற மாதங்களில் திறந்த வளவில் சூளை வைக்காதீர்கள். ஒரு பொறி போதும், மூன்று வீடு தள்ளியிருக்கிற கொட்டில் எரியும். யாழ்ப்பாணத்துத் தீயணைப்பு வண்டி கடலைத் தாண்டி வரப்போவதில்லை. மாரி முடிந்து, சோளகம் எழும்புவதற்கு முன் உள்ள மாசி, பங்குனிதான் நமக்குச் சரியான காலம். மற்ற மாதங்களில் செய்யுங்கள், காயவையுங்கள், சேர்த்துவையுங்கள். நிழலில், சாக்கால் மூடி, மெதுவாகக் காயவேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் சூளைக்குள் நீராவியாகி வெடிக்கும். சாமானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எரிக்கிற முறையில் எல்லாம் பொறுமைதான். முதல் மூன்று மணித்தியாலம் புகை மட்டும் போதும், கை பொறுக்கிற சூடு. 100 பாகையைத் தாண்டுவதற்கு முன் ஈரம் முழுவதும் போகவேண்டும். அதன்பின் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். 573 பாகையில் களிமண்ணில் உள்ள பளிங்கு மணல் திடீரென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் பானை விரியும். உள்ளே மங்கிய சிவப்புத் தெரிந்தால் 600, 700. பழச்சிவப்பு வந்தால் 800 அளவில். நம் சட்டி பானைக்கு அது போதும். அதற்குமேல் ஏற்றினால் மண்ணில் இருக்கிற சிப்பித் துண்டு சுண்ணாம்பாகி, சூளையிலிருந்து நல்லபடி எடுத்த பானை ஒரு கிழமை கழித்துப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். நம் பக்கத்து மண்ணுக்கு இது பெரிய வியாதி. மண்ணைத் தண்ணீரில் கரைத்து நுளம்பு வலையால் வடிகட்டுவதுதான் மருந்து.

விறகுக்கு விழுந்த பனை மட்டை, ஊமல், பொச்சு மட்டை போதும். நிற்கிற பனையில் கை வைக்காதீர்கள். பெயின்ற் அடித்த பலகை, உடைந்த பைபர் படகுத் துண்டு, டயர், பிளாஸ்ரிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. அந்தப் புகையைக் குடிப்பது உங்கள் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான்.

தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது நமக்குத் தெரிந்த ஹதீஸ். எந்த மதத்தவரானாலும் சூளை வைக்கிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பாதுகாப்பு விதி இல்லை. சுபஹுத் தொழுகை முடித்துத் தொடங்கினால் பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குத் தீ முடியும். இரவு முழுக்கச் சூளை தானாக ஆறட்டும். வாயைச் செங்கல்லும் மண்ணும் வைத்து அடைத்து, சுற்றிவரக் கம்பி கட்டி, பிள்ளைகள், ஆடு, நாய் போகாதபடி செய்துவிட்டுப் படுங்கள். மறுநாள் கை வைத்துப் பார்க்கிற சூடு வரும்வரை திறக்காதீர்கள். ஆசையில் பாதியில் திறந்து பார்ப்பதால்தான் பானையும் வெடிக்கிறது, கையும் வேகிறது.

சகோதரிகளுக்கு ஒன்று. நாம் உடுத்துகிற அபாயா பெரும்பாலும் பொலியஸ்ரர். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். சாரியும் துப்பட்டாவும் அப்படித்தான். சூளைக்குப் போகும்போது பருத்தி உடுப்பு, தலையை மூடுவதும் பருத்தித் துணி, முனைகளை உள்ளே சொருகிக் கட்டுங்கள். காலுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்துப் போடுங்கள்.

பக்கத்தில் இரண்டு பரல் தண்ணீர், ஒரு குவியல் மணல். உவர்க் கிணற்றுத் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை. தோல் வெந்தால் உடனே 20 நிமிடம் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை எதுவும் பூசாதீர்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் மட்டும் ஒரு மணித்தியாலம், அதன்பின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. நகரத்தில் சின்னக் காயமாக முடிகிற விஷயம் நமக்குப் பெரிதாகிவிடுகிறது. அதனால்தான் நகரத்தாரைவிட நாம் இரண்டு மடங்கு கவனமாக இருக்கவேண்டும் என்கிறேன்.

அடுத்தது பளபளப்பு. "டீச்சர், கிளேஸ் போட்டால் விலை கூட." உண்மைதான். 1977 இல் அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் வெளிக்கொணர்ந்த சீன மட்பாண்டங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. 11, 12 ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை, கண்ணாடிப் பூச்சு உள்ளவை. 2018 இல் சீன ஆய்வாளர்களும் வந்து அங்கே அகழ்ந்தார்கள். அந்த வகைப் பாண்டம் 1200 பாகை அளவில் சுடப்படுவது. நம் செங்கல் வட்டத்தில் அந்தச் சூடு வராது. குறைந்த சூட்டில் உருகவேண்டுமென்றால் பழைய குறுக்கு வழி ஈயம் கலந்த பூச்சு. ஈயத்துக்கு ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பிள்ளைகளின் மூளையைத் தாக்குகிறது. மெக்சிக்கோவில் ஈயப் பூச்சுச் சட்டிகளில் சமைப்பதால் இன்றும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்கிறது. புளி, தேசிக்காய் பட்டால் ஈயம் கரையும். புளி விடாத மீன்குழம்பு நம் வீட்டில் உண்டா? பெயர் தெரியாத தூளை இணையத்தில் வாங்கிப் பூசி, அதைச் சமையல் சட்டியென்று விற்பது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நஞ்சு விற்பது போன்றது. எனாமல் பெயின்ற் அடித்த பானையும் அலங்காரத்துக்கு மட்டும். பூச்சில்லாத சட்டியைக் கஞ்சித் தண்ணீர் வைத்துப் பழக்கினால் நம் தாய்மார் சமைத்த சட்டி அதுதான். அதையே நன்றாகச் செய்து விற்போம்.

மண் எங்கிருந்து எடுப்பது? உங்கள் தீவில் தோண்டாதீர்கள். நம் நல்ல தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. குளத்தையும் தரவையையும் கிண்டினால் அந்தப் படை கெடும். மண்ணை வெளியிலிருந்து அனுமதியோடு எடுப்பவர்களிடம் வாங்குவதுதான் முறை. காய்ந்த களிமண் தூசைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அதில் உள்ள சிலிக்காத் தூசு வருடக் கணக்கில் நுரையீரலில் தங்கும்.

இவ்வளவையும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சரியாகச் செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு இடத்தில் நான்கு பேர் சேர்ந்து செய்வார்கள் என்று நம்பிக்கை உண்டு. 1971 இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் பாண்டிச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பொட்டரியில் பலர் வந்து படித்தார்கள். பிறகு அந்தப் பக்கத்திலேயே சொந்தச் சூளை வைத்து வாழ்கிறவர்கள் உண்டு. முதலில் ஒரு இடத்தில் கற்றார்கள், பிறகுதான் தனியாகப் போனார்கள். மானாமதுரையில் மண் வேலை ஊரோடு சேர்ந்த தொழில். 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊர்ப் பெயரில்தான்.

பொதுச் சூளை என்றதும் சிலர் சிரிப்பார்கள். "பொதுவில் வச்ச எதுதான் உருப்பட்டது? திறப்புத் தலைவரிட்ட, சூளை பூச்சியிட்ட" என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. அதனால் சட்டமாக நான்கு விஷயம் வைக்கலாம். பழகிய இருவர் இல்லாமல் சூளை பற்றவைக்கக்கூடாது. ஒவ்வொரு சூளைக்கும் கொப்பியில் திகதி, நேரம், பொறுப்பாளர் பெயர் எழுதவேண்டும். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி அதில் திருத்த வேலைக்குத் தனியாக எடுத்து வைக்கவேண்டும். மின்சூளை வருகிற நாளில் மூன்று பேஸ் இணைப்பு, அளந்து பார்த்த ஏர்த், சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி, காற்றோட்டம், கதவைத் திறந்தால் கரண்ட் தானாக நிற்கிற அமைப்பு இவை இல்லாமல் பாரம் எடுக்கக்கூடாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் காணியோ, மூடிக் கிடக்கிற பொதுக் கட்டடமோ எந்தத் தீவிலும் இருக்கும். பிரதேச சபையில் கேட்கலாம்.

"பச்சைப் பானையைத் தூக்கிக்கொண்டு போனால் உடையுமே" என்று இன்னொரு கேள்வி. உடையும். அதனால்தான் நடந்து போகிற தூரத்தில், தீவுக்கு ஒன்று என்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒன்று வைத்தால் நமக்குப் பயனில்லை.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளே, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து முதலில் மின்சூளை அனுப்பாதீர்கள். திறந்து வைத்துப் படம் எடுத்தபின் துருப்பிடித்த பொருட்கள் நம் ஊர்களில் போதும். ஒரு மூத்த குயவருக்கு மூன்று மாதக் கூலியும், தங்க ஒரு இடமும், சூளைக்கு வேண்டிய செங்கல்லும் கொடுங்கள். அதில் ஆறு பேர் பழகிவிட்டால், அடுத்து என்ன வேண்டும் என்று அந்த ஆறு பேரும் உங்களுக்குச் சொல்வார்கள்.

வருகிற மாசி மாதத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் இதைத் தொடங்க ஆசைப்படுகிறேன். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று பாராமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். சூளை வைக்கத் தெரிந்த ஐயா, அம்மா யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அவர்களுடைய பெயரையும் ஊரையும் இங்கே பொதுவில் எழுதவேண்டாம், முதலில் அவர்களைக் கேட்டுக்கொள்வோம். தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளர்கள் யாராவது நாங்கள் பார்த்து வைத்திருக்கிற கட்டடத்தை வந்து பார்த்துத் தந்தால் பெரிய உதவி.

அதுவரை, கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போகிற சகோதரிகள் இந்தப் பதிவைக் காட்டி வீட்டில் ஒருமுறை கதையுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.